மழைக்கால ஹம்ப்டா கணவாய் நடைபயணத்துக்கு ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூலை இறுதியில் இமாசலப் பிரதேசத்தின் ஹம்ப்டா கணவாய்க்கு, கூடாரம், உணவு, படுக்கை அனைத்தையும் நாங்களே சுமந்து செல்லத் திட்டமிட்டுள்ளோம். ஏறத்தாழ 4,270 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டிவிட்டால் மழை குறைந்துவிடும். ஆனால் அதற்கு முன், குல்லு பக்கத்தில், நனைந்த துணியை உலர்த்த வழியே இராது.

பருத்தி உடைகளைத் தவிர்த்துவிட்டோம். முதுகுப்பைக்கு வெளியுறை போட்டாலும் முதுகை ஒட்டிய பக்கமாக நீர் இறங்கிவிடும் என்பதால், உள்ளே தடித்த பாலிதீன் பை ஒன்றை விரித்து, அதற்குள் மாற்றுடைகளை வைக்கவிருக்கிறோம். எனக்குள்ள பெரிய கவலை வியர்வைதான். மழைச்சட்டையோடு ஏற்றத்தில் நடந்தால் வெளிநீர் புகாவிட்டாலும் உட்சட்டை தொப்பலாகிவிடுகிறது. சற்று நின்றாலே குளிர் முதுகில் ஏறுகிறது. அக்குளில் ஜிப் வைத்த சட்டை இதற்கு உண்மையிலேயே பயன்படுமா, அல்லது தலைவழியே மாட்டிப் பையையும் சேர்த்து மூடும் போஞ்சோ என்ற மழைப் போர்வை போதுமா? கணவாய்க் காற்றில் போஞ்சோ நிற்குமா என்பது வேறு ஐயம்.

அடுத்தது தூக்கப்பை. இறகு அடைத்தது எடை குறைவு, ஆனால் ஈரம் பட்டால் கட்டிதட்டி வெப்பம் காக்காது. செயற்கை இழையோ நனைந்தாலும் ஓரளவு காக்கும் என்றாலும் பையில் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். இம்மாதங்களில் அங்கே சென்றவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள்? கணவாயைத் தாண்டியபின் வரும் முகாமிடமான ஷியா கோருவில் பனிநீர் ஓடையைக் கடக்கத் தனிச் செருப்பு கொண்டுசென்றீர்களா என்பதையும், வாங்கிய பொருள்களின் விலையையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.