புதுப்பிப்பு: பிளேன்ல இருந்து போடுற மூட்டை கணக்கு

முன்னாடி கேட்டிருந்தேன்ல, 490 மீட்டர் உயரத்துல மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்துல நேரா போற பிளேன்ல இருந்து நிவாரண மூட்டைய எவ்ளோ தூரம் முன்னாடியே விடணும்னு, அது முடிஞ்சிருச்சு. மொதல்ல 360ஐ செகண்டுக்கு 100 மீட்டர்னு மாத்திக்கணும், அப்புறம் கீழ விழுறத மட்டும் தனியா பாத்தா 490 = 4.9 (புவியீர்ப்பு முடுக்கம் 9.8ல பாதி) × நேரத்தோட வர்க்கம், ஆக 10 செகண்ட், அதுக்குள்ள கிடைமட்டமா 1000 மீட்டர் போயிடும், அவ்ளோதான்.

"சும்மா விடுறோம், ஆரம்ப வேகம் ஜீரோ தானே"ன்னு சிலர் கேட்டீங்க. ஜீரோ செங்குத்து வேகம் மட்டும்தாங்க, பிளேனோட கிடைமட்ட வேகம், அதாவது செகண்டுக்கு 100 மீட்டர், மூட்டைக்கும் இருக்கு, அதனாலதான் காத்துத் தடைய விட்டுட்டா மூட்டை தரையில விழுறப்போ பிளேன் நேர் மேல இருக்கும் (இத நம்ப எனக்கே கொஞ்சம் டைம் ஆச்சு).

அதே பிளேன் அதே வேகத்துல 30 டிகிரி மேல ஏறிட்டு இருக்கும்போது அதே 490 மீட்டர் உயரத்துல விட்டா கதை வேற. மூட்டை முதல்ல மேல போகும், வேகம் செங்குத்தா செகண்டுக்கு 50 மீட்டர், கிடைமட்டமா 86.6 மீட்டர், மைனஸ் குறிய ஒழுங்கா போட்டு (மேல ப்ளஸ், கீழ மைனஸ்: −490 = 50 × நேரம் − 4.9 × நேரத்தோட வர்க்கம்) இருபடிச் சமன்பாடு தீர்த்தா சுமார் 16.3 செகண்ட், தூரம் கிட்டத்தட்ட 1414 மீட்டர். பாராசூட் கட்டினா இந்த ஃபார்முலா எதுவும் செல்லாது.