குரோமியம் கூடினால் குளிரும் உருக்கின் உள்ளமைப்பு மாறுவது (உருமாற்றம்) வேகமாகிறதா? என் கணினி மாதிரி எங்கே பிழைக்கிறது?

கேட்டவர், கொக்குவில்:
வணக்கம். மாமாவின் லேத் பட்டறையில் லாண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) அச்சுகளை 4140 உருக்கில் (குரோமியமும் மொலிப்டினமும் கலந்தது) கடைந்து, சூடாக்கி எண்ணெயில் அமிழ்த்துகிறோம். எடுத்த 25 மில்லிமீற்றர் துண்டில் அரம் பிடிக்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் நான் பைதானில் எழுதிய மாதிரியோ அந்தத் துண்டு முழுக்கப் பெரைட்டும் பேர்லைட்டும், அதாவது மெதுவாகக் குளிர்ந்தால் வரும் மென்மையான அமைப்புகள், என்கிறது. உருமாற்றம் நேரத்தோடு எவ்வளவு நடக்கும் என்று சொல்லும் அவ்ராமி சமன்பாட்டைத்தான் போட்டேன், சாதாரண கரியுருக்கின் மாறிலிகளோடு. கலப்பு மூலகங்களுக்காக அன்ட்ரூஸ் சூத்திரத்தால் சமநிலை வெப்பநிலைகளை (இதற்குக் கீழே போனால்தான் உருமாற்றம் தொடங்கும்) மட்டும் மாற்றினேன். குரோமியத்தைக் கூட்டக் கூட்ட உருமாற்றம் முந்துகிறது! இரண்டு கிழமையாக மண்டையை உடைக்கிறேன்.

பதில் 1:
தம்பி, நிரல் சொன்னதைத்தான் செய்கிறது. அந்தச் சூத்திரத்தில் 1 சதவீதக் குரோமியம் பேர்லைட்டின் சமநிலை வெப்பநிலையை 16.9 பாகை உயர்த்தும். அப்போது அதே 650 பாகையில் உந்துவிசை கூடும், கணிப்பும் வேகமெடுக்கும். அணுக்கள் நகரும் கதையை நீங்கள் சேர்க்கவில்லை. கரி சிறிய அணு, இரும்பு அணுக்களின் இடுக்குகளால் ஓடிவிடும். குரோமியமும் மொலிப்டினமும் இரும்பின் இடத்திலேயே குந்தியிருப்பவை. பக்கத்தில் வெற்றிடம் வந்தால்தான் நகரும். வளரும் எல்லையையும் பிடித்து இழுக்கும்.

கலப்பு மூலகங்கள் உருமாற்றத்தை எவ்வளவு பிந்த வைக்கும் என்று கணக்கிடும் கேர்கால்டி-வேணுகோபாலன் மாதிரியைப் பாருங்கள். பெரைட் எடுக்கும் நேரம் இந்தத் தொகைக்கு நேர்விகிதம்: 59.6 × மங்கனீசு + 1.45 × நிக்கல் + 67.7 × குரோமியம் + 244 × மொலிப்டினம், எல்லாம் நிறைச் சதவீதத்தில். மங்கனீசு 0.9, குரோமியம் 1, மொலிப்டினம் 0.2 என்று போட்டால் சுமார் 170 வரும். அதில் 49 அந்தத் துளி மொலிப்டினத்தினது. பேர்லைட் எடுக்கும் நேரத்துக்கு, நிக்கல் இல்லையென்றால், தொகை 1.79 + 5.42 × (குரோமியம் + மொலிப்டினம்). இரண்டும் இல்லாத உருக்கில் 1.79 இருந்த இடத்தில் 8.3 வருகிறது. பரவலுக்கும் இந்த இரண்டாலும் தனித் தடை உண்டு, அதையும் விடாதீர்கள்.

பதில் 2:
அண்ணை சொன்னது சரி. அதோடு ஒஸ்டினைட் (சூடான உருக்கின் அமைப்பு) மணியளவையும், அதாவது அதன் படிகத் துகள்களின் பருமனையும், கொடுங்கள். மணி பெருத்தால் உருமாற்றம் பிந்தும். குளிரும்போது வெப்பநிலை மாறிக்கொண்டே இருப்பதால் ஷைல் கூட்டல் விதிப்படி, ஒவ்வொரு வெப்பநிலையிலும் கழிந்த நேரப் பங்கைப் படிப்படியாகக் கூட்டுங்கள். மார்ட்டென்சைட் (சட்டென்று குளிர்ந்தால் வரும் கடினமான அமைப்பு) எந்த வெப்பநிலையில் தொடங்குகிறது என்று வைத்திருக்கிறீர்கள்? இதே கலவைக்கு, 0.4 சதவீதக் கரியோடு, அன்ட்ரூஸின் கணக்கில் 329 பாகை அளவு வரவேண்டும்.

கேட்டவர்:
329தான், அது சரியாக இருந்தது. இரண்டு தொகைகளையும் போட்டதும் வரிசை திரும்பிவிட்டது: குரோமியம் கூடினால் இப்போது பிந்துகிறது, மேற்பரப்பும் மார்ட்டென்சைட். நடுவில் மட்டும் கொஞ்சம் பேய்னைட் (பேர்லைட்டுக்கும் மார்ட்டென்சைட்டுக்கும் இடைப்பட்டது) காட்டுகிறது. அதை நம்பலாமா என்று தெரிய, சனிக்கிழமை ஒரு துண்டைச் சூடேறாமல் அறுத்து, மெருகேற்றி, உள்ளமைப்பைக் காட்டும் நைற்றல் அமிலக் கரைசல் பூசிப் பார்க்கப் போகிறேன். படத்தை இங்கேயே போடுகிறேன். மிக்க நன்றி அண்ணை.