சூப்பர்விஷனுக்குத் தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம். குழந்தைகளுக்கான உளவியல் சோதனை ஒப்புதல் படிவம் திங்களன்று அச்சுக்குப் போகிறது. சோதிப்பவர் எம்.ஃபில். பயிலுநர், மூத்தவர் ஒருவர் சூப்பர்வைஸ் செய்கிறார். 'மேற்பார்வை' என்று எழுதினால் கட்டட வேலை நினைவுக்கு வருகிறது. மூத்தவர் மேலே நின்று பார்ப்பதில்லை. குழந்தைகளின் அறிவுத்திறனை வயதுப் படிகளாக அளக்கும் பினே-காமத் சோதனையை எந்தப் படியில் தொடங்கினாய், ஏன் அங்கே நிறுத்தினாய் என்று கேட்பார். மதிப்பெண்ணைத் திரும்பப் போடுவார். குழந்தை 'தெரியாது' என்றது தெரியாமலா, பசியிலா என்று துருவுவார். அறிக்கையில் அவரும் கையெழுத்திடுவார். ஒரு சொல் தாருங்கள்.

> ஒரு சொல் தாருங்கள்

நெறியாள்கை. நெறியில் நிறுத்தி ஆள்வது.

> நெறியாள்கை

யாழ்ப்பாணத்தில் அது நாடக இயக்கம், ஐயா. பிள்ளையை நடிக்க வைக்கப் போகிறார்கள் என்று நினைப்பார்கள்.

'மேற்பார்வை' லத்தீன் சொல்லை அப்படியே பெயர்த்தது போல இருக்கிறது. 'கண்காணிப்பு' நம்முடையது. கண்காணி என்பதுதான் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய கங்காணி ஆகி, ஆங்கில அகராதி வரை போனது. கண்ணால் காண்பது, அவ்வளவுதான். காவல் கண்காணிப்பாளரும் கேமராவும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

> அவ்வளவுதான்

அவ்வளவுதான் இல்லை, ஐயா. நான் இலங்கை மலையகம், தேயிலைத் தோட்டத்துக் குடும்பம். என் பாட்டி கங்காணிக்குப் பயந்தே கொழுந்து பறித்தவர். பிள்ளையின் படிவத்தில் அந்தச் சொல் வேண்டாம்.

குறள் 517ஐப் பாருங்கள்: 'இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்'. தகுதி பார்த்து வேலையை ஒப்படைப்பது. இங்கே அப்படி விட்டுவிடுவதில்லை, கூடவே இருந்து ஆராய்கிறோம். எனவே 'உடனாய்வு'.

உடனாய்வு அழகாக இருக்கிறது, அம்மா. ஆனால் 'உடனே ஆய்வு' என்று படிப்பார்கள். படிவத்தைப் பார்த்த ஒரு தாய் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "தப்பா வந்தா யாரைக் கேக்கிறது?"

சரி, அந்தக் கேள்விக்கே பதில் எழுதிவிடுகிறேன்: 'சோதனையைச் செய்பவர் பயிற்சியில் இருப்பவர். அவர் போட்ட மதிப்பெண்ணையும் எழுதிய அறிக்கையையும் மூத்த உளவியலாளர் சரிபார்த்துப் பொறுப்பேற்பார்.' தலைப்பில் மட்டும் 'மேற்பார்வை' இருக்கட்டும்.

படிவத்துக்கு அது போதும். வகுப்பில் வாரம்தோறும் அந்த ஒரு மணி நேரத்தை எப்படி அழைப்பது? 'மேற்பார்வைக்கு வா' என்றால் மாணவி பயந்துகொண்டே வருகிறாள். நான் 'உடனாய்வு' என்றே சொல்லப் போகிறேன்.