மினசோட்டாவில் ஹாக்கி சங்கத்துக்குப் பொருளாளர் ஆகலாமா? பேக்ரவுண்ட் செக் பயம்

கேள்வி: கோவையிலிருந்து மினியாபோலிஸ் பக்கம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மகன் விளையாடும் ஹாக்கி சங்கத்தில் என்னைப் பொருளாளராகக் கூப்பிடுகிறார்கள். அவர்கள் புல் டேப் சீட்டு (மடிப்பைக் கிழித்துப் பார்க்கும் பரிசுச் சீட்டு) விற்பதால் போலீஸ் பேக்ரவுண்ட் செக், அதாவது பழைய குற்றப் பதிவுச் சோதனை, செய்வார்களாம். எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். ஒதுங்கிவிடலாமா அக்கா?

பதில்: ஒதுங்க வேண்டாம் தம்பி. எதற்காகச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும்.

தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து வந்த நமக்கு, பிள்ளைகளின் ஹாக்கி சங்கம் பாருக்குள் சீட்டு விற்பது அதிர்ச்சியாகத்தான் இருக்கும். அடுத்த முறை அப்படி ஓர் இடத்துக்குச் சாப்பிடப் போனால் மூலையில் இருக்கும் சின்னக் கூண்டைப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டி நிறைய அட்டைச் சீட்டுகள். வாங்கியவர் மடிப்பைக் கிழித்துப் பார்ப்பார், கூடையில் போடுவார், மறுபடி வாங்குவார். லாபம் ஹாக்கி சங்கம், முன்னாள் படைவீரர் சங்கம் போன்றவற்றுக்குப் போகும். மாநிலம் முழுக்க ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல் இப்படிப் புரள்கிறது. பெரும்பகுதி பரிசாகத் திரும்பிவிடும், ஆனாலும் மிஞ்சுவது பெரிய தொகை.

உரிமம் தருவது மாநிலத்தின் கேம்ப்ளிங் கண்ட்ரோல் போர்டு (சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியம்). சங்கம் 3 ஆண்டாவது இயங்கியிருக்க வேண்டும், 15 உறுப்பினர்களாவது வேண்டும், சீட்டு விற்பனையைக் கவனிக்கும் கேம்ப்ளிங் மேனேஜருக்கு 10,000 டாலர் பாண்டு (பணம் கையாடப்பட்டால் ஈடுகட்டும் உத்தரவாதம்) வேண்டும். அப்புறம், சீட்டு விற்கும் ஊரின் சிட்டி கவுன்சிலும் தீர்மானம் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். தகராறு இங்கேதான். மாநிலமே ஆளைச் சோதிக்கும்போது ஊர்ப் போலீஸ் ஏன் மறுபடி சோதிக்க வேண்டும்?

எங்கள் ஊர்க் கவுன்சிலில் இதைப் பேசிய அன்று நானும் போயிருந்தேன். ஒரு அம்மா எழுந்து, வேலை செய்ய ஏற்கெனவே ஆள் கிடைப்பதில்லை, இன்னொரு படிவத்தை நீட்டினால் இருப்பவர்களும் போய்விடுவார்கள் என்றார். ஒரு கவுன்சிலர், பணம் காணாமல் போனால் ஊர் எங்களைத்தானே கேட்கும் என்றார்.

நான் கவுன்சிலர் பக்கம். சில வருடம் முன்பு ஒரு பொங்கல் விழாவில் ராஃபிள் (குலுக்கல் பரிசுச் சீட்டு) பணத்தை ஒருவரே எண்ணி, இரவோடு வீட்டுக்குக் கொண்டுபோனார். கணக்கில் 640 டாலர் குறைந்தது. எடுத்தாரா, எண்ணியதில் பிழையா, இன்றுவரை தெரியாது. அதன்பின் அவர் எந்த விழாவுக்கும் வரவில்லை. பழைய குற்றப் பதிவைப் பார்ப்பதால் மட்டும் இது நின்றிருக்காது, இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஆனால் பணத்தைத் தொடுகிறவரை முறையாகச் சோதித்து அமர்த்துவது, நாளை ஒரு பேச்சு வந்தால் அவருக்கே துணை. பணத்தைத் தொடாத தொண்டர்களை மட்டும் இந்தச் சோதனையிலிருந்து விட்டுவிட வேண்டும். இதற்காக ஊர் வாங்கும் விசாரணைக் கட்டணத்துக்கும் சட்டத்தில் வரம்பு உண்டு: சிறிய ஊர்களில் 100 டாலர், நடுத்தர நகரங்களில் 250, மினியாபோலிஸ் போன்ற பெரிய நகரங்களில் 500.

படிவத்தில் நம்மவர்கள் தடுக்கி விழுவது பெயரில்தான். அப்பா பெயர் ஓர் ஆவணத்தில் கடைசிப் பெயராக இருக்கும், இன்னொன்றில் வெறும் இனிஷியலாக நிற்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் என்றால் விசாவில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று அச்சாகியிருக்கும். எந்தெந்த வடிவத்தில் உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதோ அத்தனையையும் எழுதிக் கொடுங்கள். ஒன்றை விட்டால் மறைத்ததுபோல் தெரியும்.

எச்1பி-யில் இருப்பதால் சங்கத்திடம் சம்பளம் வாங்கக் கூடாது, தொண்டாக மட்டும் செய்யுங்கள். நாளை குடியுரிமைக்குப் போகும்போது, அதற்கு முந்தைய 5 ஆண்டில் இரண்டு சூதாட்டக் குற்றங்களில் தண்டனை பெற்றிருந்தால் நன்னடத்தை இல்லை என்று தள்ளிவிடுவார்கள். அனுமதியோடு நடக்கிற சங்கத்தில் இருங்கள், அந்தக் கவலையே இல்லை.

கேள்வி: நன்றி அக்கா. எங்கள் தெருத் தமிழர்கள் சேர்ந்து ஆரம்பித்த சின்னக் குழுவிலும் ராஃபிள் போடலாமா?

பதில்: பதிவு செய்த லாப நோக்கமற்ற சங்கமாக இருந்தால்தான். வருடத்துக்கு மொத்தப் பரிசு 1,500 டாலருக்குள் என்றால் போர்டு அனுமதி தேவையில்லை. அதற்கு மேல் 50,000 வரை, வருடத்தில் 5 நாளுக்கு மிகாமல் நடத்த, விலக்கு அனுமதி என்று தனியாக ஒன்று உண்டு. அதிலும் ஊரின் ஒப்புதல் வேண்டும். ஒரு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள், பெரிய நகரம் என்றால் இரண்டு மாதம். பொங்கலுக்கு நடத்துவதாக இருந்தால் தீபாவளிக்கே படிவத்தைக் கையில் எடுங்கள்.