பாட்டியின் அடுக்களைச் சிற்றுரு: அளவை நம்புவதா, நினைவை நம்புவதா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். இடித்துவிட்ட எங்கள் பாட்டி வீட்டின் அடுக்களையை 1:12 அளவில், அதாவது ஓரடிக்கு ஓரங்குலம் என்ற கணக்கில், பால்சா மரத்திலும் காற்றில் உலரும் களிமண்ணிலும் செய்துவருகிறேன். அம்மி, அஞ்சறைப்பெட்டி, விறகடுப்பு எல்லாம் முடிந்துவிட்டன, உறியில்தான் சிக்கல். சித்தப்பா சொன்னபடி தரையிலிருந்து 5 அடி, அதாவது 5 அங்குல உயரத்தில் தொங்கவிட்டேன். ஆனால் ஏழு வயதில் நான் எக்கி எக்கிப் பார்த்தும் எட்டாத உறி அதுவல்ல. உயரத்தைக் கூட்டினால் பொய்யாகிவிடுமா? மேலும், பொருள்கள் யாவும் நேற்று வாங்கியவைபோல் இருக்கின்றன. அதற்கும் வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1:
உறியைத் தொடாதீர்கள், பார்ப்பவரின் கண்ணை இறக்குங்கள். ஏழு வயதுப் பிள்ளையின் கண் ஏறத்தாழ 3.5 அடி உயரத்தில் இருக்கும். ஆகவே, முன்பக்கத்தை அட்டையால் அடைத்து, 3.5 அங்குல உயரத்தில் ஒரே ஒரு துளையிடுங்கள். அதன் வழியே பார்ப்பவர் எவராயினும் உங்கள் உறியை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

மறுமொழி 2:
எல்லா இடத்திலும் ஒரே சீராக வண்ணம் பூசியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கை படும் இடம் தேயும். படாத இடத்தில் புகை படியும். மரத்துக்குத் தேயிலைச் சாயத்தை இரண்டு முறை பூசி, உலர்ந்தபின் கைபட்ட விளிம்புகளை மட்டும் நைஸான உப்புத்தாளால் தேயுங்கள். அடுப்புக்கு மேலுள்ள சுவரில் கரித்தூளை விரலால் மேல்நோக்கி இழுங்கள். பளபளக்கும் வார்னிஷ் வேண்டவே வேண்டாம். அந்த மினுக்கு இது பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

மறுமொழி 3:
டமாஸ்கஸில் பிறந்து அமெரிக்காவில் வாழும் கட்டடக் கலைஞர் முகமது ஹாஃபிஸ், அகதிகள் விட்டுவந்த வீடுகளைப் பழைய பயணப்பெட்டிகளுக்குள் சிற்றுருவாக அமைத்து, அவரவர் குரலையும் கூடவே ஒலிக்கவிட்டார். உங்கள் சித்தப்பாவின் அடுக்களையும் உங்களுடையதும் ஒன்றல்ல என்பதால், அவர் பேச்சையும் பதிவுசெய்து சேர்க்கலாம். அழகுக்காக மட்டும் எதையும் நுழைக்காதீர்கள். அதற்குத்தான் கொலுவில் சொப்புச் சாமான்கள் இருக்கின்றனவே.

கேள்வி கேட்டவர்:
துளையிட்டுப் பார்த்தேன், உறி உயர்ந்துவிட்டது. ஆனால், நான்கு நாள் பாடுபட்டு மேல்தட்டில் அடுக்கிய ஊறுகாய் ஜாடிகள் முற்றிலும் மறைந்துவிட்டன. அவற்றைச் சித்தப்பா சொல்லித்தான் செய்தேன்; நான் பார்த்ததே இல்லை. எடுக்க மனம் வரவில்லை, அங்கேயே இருக்கட்டும்.