மெக்கன்ரோ படத்தில் எந்த இடம் உங்களை விடமாட்டேன் என்கிறது?

செம்மண்தரை:
டென்னிஸ் வீரர் ஜான் மெக்கன்ரோ பற்றிய 'இன் தி ரெல்ம் ஆஃப் பெர்ஃபெக்ஷன்' படத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த இழை. 1984 பிரெஞ்சு ஓபன் இறுதியாட்டம், முதல் இரண்டு செட்டும் கையில் வைத்துக்கொண்டு எதிராளி இவான் லெண்டிலிடம் கோட்டைவிட்டார் என்று ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும், ஆனாலும் மூன்றாவது செட் நழுவும்போது வயிற்றைப் பிசைந்தது. அதைவிட, ஆட்டத்தின் நடுவே திரும்பி கேமராவையே முறைக்கிறாரே, அந்தப் பார்வை. நான்தான் அவரைத் தொந்தரவு செய்துவிட்டேனோ என்று இருந்தது.

பேஸ்லைன்:
எனக்கு அந்த முறைப்பு இல்லை, எதிராளி இல்லாததுதான். பந்து ஃபிரேமை விட்டுப் போகிறது, திரும்பி வருகிறது, அடித்தவர் யாரென்றே பெரும்பாலும் தெரிவதில்லை. கில் தெ கெர்மடெக் 16 மி.மீ. படச்சுருளில் இதை எடுத்ததே ஆட்ட நுணுக்கம் சொல்லிக்கொடுக்கத்தான். பயன்படாமல் கிடந்த அந்தச் சுருள்களிலிருந்து ஜூலியன் ஃபரோ 2018இல் இப்படி ஒரு படம் பண்ணியிருக்கிறார். பேட்டி இல்லை, குழந்தைப் பருவக் கதை இல்லை, ஒரு மனிதன் மட்டும்.

இடதுகை:
இரண்டு பேரும் அந்த சர்வீஸை விட்டுவிட்டீர்களே! மெதுவோட்டத்தில் வரும்போது பாருங்கள், இரண்டு பாதமும் பேஸ்லைனை, அதாவது ஆடுகளத்தின் பின்கோட்டை, ஒட்டி ஒரே வரிசையில், முதுகு கிட்டத்தட்ட வலைப் பக்கம். பந்து எந்தப் பக்கம் போகும் என்று எதிரில் நிற்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? டென்னிஸ் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், அந்தப் பகுதியை ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள், ராக்கெட்டைப் பார்க்காதீர்கள், தோள் எப்போது திரும்புகிறது என்று மட்டும் பாருங்கள். அப்புறம் பந்தைத் தூக்கிப் போடும் கையை. ஆனால் அந்த நிற்கும் விதத்தை அப்படியே காப்பியடிக்க வேண்டாம், அது அவர் உடம்புக்குப் பொருந்தியது. தோள் திருப்பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

லெண்டில்பக்கம்:
சரி, எல்லோரும் மெக்கன்ரோவுக்காகவே உருகுகிறீர்கள். அந்த வருடம் அவர் 82 ஆட்டம் ஜெயித்து 3 மட்டுமே தோற்றவர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லெண்டிலுக்கு அதுதான் முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டம், அதற்கு முன் நான்கு இறுதியாட்டங்களில் தோற்றிருந்தார். 3-6, 2-6 என்று பின்தங்கியவர் 6-4, 7-5, 7-5 என்று திருப்பினார். நீங்கள் கோட்டைவிட்டார் என்று எழுதியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அது பிடுங்கி எடுத்த வெற்றி.