5 மீட்டரில் நிலையாக நிற்க முடியவில்லை: எடையைக் கூட்டணுமா, குறைக்கணுமா?

நீலத்துளி:
பவளத்திட்டுக்கு மேல் டைவ், ஆழம் 3 முதல் 7 மீட்டர். 3 மி.மீ. முழு வெட்சூட் (நுரை ரப்பர் உடை), 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர், இடுப்பு பெல்ட்டில் 8 கிலோ ஈயம். உடல் எடை 70 கிலோ. வேறு டைவ்களில் 18 மீட்டரில் ஓரளவு நிற்க முடிகிறது. 5 மீட்டருக்கு வந்தால் ஒன்று மேலே இழுத்துக்கொண்டு போகிறது, இல்லையென்றால் முழங்கால் பவளத்தில் இடிக்கிறது. கால் வேறு தொங்குகிறது. இன்னும் 2 கிலோ சேர்த்தால் சரியாகுமா?

உப்புக்காற்று:
சேர்க்காதீர்கள். இப்போதே கூடுதல். 3 மி.மீ. சூட்டுக்கு உடல் எடையில் 5 சதவீதம், அதாவது 3.5 கிலோ, அலுமினிய சிலிண்டர் காலியாகும்போது மிதக்கும் என்பதால் இன்னொரு 2 கிலோ. ஆக, 5.5 கிலோவில் ஆரம்பித்துப் பார்க்கலாம். இது சோதனையைத் தொடங்கும் இடம்தான், முடிவு இல்லை.

ஆழமில்லாத இடம் சுலபம் என்று நினைப்பதில்தான் கோளாறு. 30 மீட்டரிலிருந்து 27-க்கு வந்தால் அழுத்தம் 4 பாரிலிருந்து 3.7 ஆகிறது, ஜாக்கெட்டில் (மிதப்பைச் சரிசெய்யக் காற்று நிரப்பும் மேலுடை) இருக்கும் காற்று 8 சதவீதம் விரியும். அதே 3 மீட்டரை 6-லிருந்து 3-க்கு ஏறினால் 1.6 பார் 1.3 ஆகிறது, விரிவு 23 சதவீதம்.

இதில் உங்கள் கூடுதல் ஈயத்தைப் போட்டுப் பாருங்கள். சிலிண்டரின் அழுத்தம் 200 பாரிலிருந்து 50 பாருக்கு இறங்கும் வரை நீங்கள் சுவாசிக்கும் காற்றின் எடையே 2 கிலோ. அதைத் தாங்க டைவ் தொடக்கத்தில் ஜாக்கெட்டில் ஏறக்குறைய 2 லிட்டர் காற்று வேண்டும், அது தவிர்க்க முடியாதது. 2.5 கிலோ ஈயம் அதிகம் என்றால் அதற்கு இன்னொரு 2.5 லிட்டர். இந்த 4.5 லிட்டரும் 6-லிருந்து 3 மீட்டருக்குள் 5.5 லிட்டராகும்: 1 கிலோ அளவுக்கு மேல்நோக்கித் தள்ளும். சரியான எடையோடு போனால் இது அரைக் கிலோதான், மூச்சை அடக்காமல் நிதானமாக வெளியே விட்டே சமாளிக்கலாம்.

திட்டுமீன்:
மேலே சொன்ன கணக்கு சரி. சோதனையை எப்படிச் செய்வது என்பதைச் சேர்க்கிறேன். டைவ் முடிவில் சிலிண்டரில் 50 பார் இருக்கும்போது ஜாக்கெட்டை முழுக்கக் காலி செய்து அசையாமல் நில்லுங்கள். சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டே நிற்க முடிந்தால் எடை சரி. மூழ்கினால் 1 கிலோ கழற்றுங்கள். பாடத்தில் இதை 5 மீட்டரில் செய்யச் சொல்வார்கள். உங்கள் திட்டு 3 மீட்டர் வரை ஏறுகிறது என்பதால் 3 மீட்டரில் செய்யுங்கள். சூட்டின் நுரை அங்கே இன்னும் கொஞ்சம் விரிந்து மிதப்பைக் கூட்டும். நிறை சிலிண்டரோடு மேற்பரப்பில் சோதித்தால், சாதாரண மூச்சில் கண் மட்டத்தில் மிதக்கும் எடையோடு 2 கிலோ சேர்க்க வேண்டும். பலர் இந்த 2 கிலோவை மறந்துவிட்டு, கடைசிப் பத்து நிமிடம் தலைகீழாகக் காலடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஜாக்கெட்டுக்குள் காற்று விடும் இன்ஃப்ளேட்டர் பொத்தானைச் சிறு தட்டலாகத் தட்டுங்கள். மூச்சோ காற்றோ உள்ளே போனபின் உடல் நகர ஓரிரு நொடி ஆகும். அதற்குள் மறுபடி அழுத்துவதால்தான் யோயோ ஆட்டம். மூச்சை மட்டும் ஒருபோதும் பிடிக்காதீர்கள்: நுரையீரல் நிறைய காற்றை அடக்கிக்கொண்டு ஒரு மீட்டர் சொச்சம் ஏறினாலே நுரையீரல் கிழிய வாய்ப்புண்டு. 5 மீட்டர்தானே என்ற அலட்சியம் இங்கேதான் ஆபத்து.

அலைக்கணக்கு:
கால் தொங்குவதற்கு எடையின் அளவு மட்டும் காரணமில்லை, அது இருக்கும் இடமும் காரணம். 8 கிலோவும் இடுப்பில். ஜாக்கெட் காற்றோ தோள் பக்கம். இது உடலை நிமிர்த்தத்தான் செய்யும். கழற்றியது போக மீதியில் 2 கிலோவைச் சிலிண்டர் பட்டையிலோ முதுகுப்பக்க டிரிம் பையிலோ (உடலின் சமநிலைக்கு எடை வைக்கும் பை) போடுங்கள். அப்புறமும் தொங்கினால் சிலிண்டரைப் பட்டைக்குள் 3, 4 செ.மீ. மேலே ஏற்றலாம், வால்வு தலையில் இடிக்காத வரை. படுத்த நிலை வந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்: நிமிர்ந்த உடலோடு காலடித்தால் ஒவ்வொரு அடியும் மேலே தூக்கும், அதை ஈடுகட்டத்தான் ஆள் ஈயம் கேட்பார்.

எடையை எவ்வளவு சரி செய்தாலும் அலை இழுப்பு இருக்கும். அலைநீளத்தில் பாதி ஆழம் வரை நீர் முன்னும் பின்னும் ஆடும், ஆகவே 5 மீட்டரில் தப்பிக்க வழியில்லை. எதிர்த்து உதைக்காதீர்கள். முன்னே தள்ளும்போது ஒரு தவளை உதை, பின்னே இழுக்கும்போது சும்மா படுத்திருங்கள். மேல்கீழ் உதை ஆழமில்லாத இடத்துக்கு ஆகாது. துடுப்பின் நுனி கீழே இருக்கும் கிளைப் பவளத்தை முறிக்கும். திட்டிலிருந்து 1.5 மீட்டர் தள்ளியிருங்கள். குறுகிய பிளவுக்குள் நுழையாதீர்கள். மாற்று ரெகுலேட்டரையும் (உபரி மூச்சுக் கருவி) கேஜையும் (அழுத்தமானி) நெஞ்சோடு கிளிப் போடுங்கள், திட்டில் உரசுவது பெரும்பாலும் அவைதான்.

நீலத்துளி:
நன்றி. 5.5-ல் தொடங்கி 50 பாரில் 3 மீட்டரில் சோதிக்கிறேன். இழுப்பு அதிகமானால் மணலில் முழங்காலிடலாமா? இன்னொன்று, கடுகு நிறத்தில் வழவழப்பாகத் தெரிந்த ஒன்றில் உரசிய இடம் நெருப்பாக எரிகிறது.

திட்டுமீன்:
மணலில் திருக்கை புதைந்திருக்கலாம், கிளறிய மணல் பக்கத்துப் பவளத்தின் மேல் படியும். அதைத் தள்ளப் பவளம் கோழையைச் சுரந்து சக்தியைச் செலவிட வேண்டும். முழங்காலிடுவதற்குப் பதில் இருக்கும் இடத்தைவிட 2 மீட்டர் கூடுதல் ஆழமுள்ள ஓரத்துக்கு நகருங்கள்.

உரசியது நெருப்புப் பவளமாக இருக்கலாம். பெயர்தான் பவளம், இனத்தில் அது ஹைட்ராவுக்கு நெருக்கம். கடல்நீரால் கழுவி வினிகர் ஊற்றுங்கள். தேய்க்கவோ உடனே நல்ல தண்ணீர் விடவோ கூடாது, வெடிக்காத கொட்டும் செல்கள் வெடிக்கும். சாதாரணப் பவளக் கீறலுக்கு முறை வேறு: சோப்பும் சுத்தமான நீரும் விட்டு நன்றாகத் தேய்த்து, உள்ளே சிக்கிய துகளை எடுக்க வேண்டும், விட்டுவிட்டால் வாரக்கணக்கில் ஆறாது. முகம் வீங்கினாலோ மூச்சு இறுகினாலோ வினிகரோடு நிற்காமல் உடனே மருத்துவமனை.

உப்புக்காற்று:
சோதிக்கும்போது காலியான சிலிண்டரை நம்பி நேரத்தை இழுக்க வேண்டாம். நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு 6 மீட்டரில் 32 லிட்டர் போகும். 150 பாருக்குக் கிடைக்கும் 1665 லிட்டர் 52 நிமிடம்தான் வரும். 70 பாரிலேயே திரும்பி வந்து, 50 பார் ஆனதும் படகுக்குக் கீழே நின்று சோதியுங்கள்.